25,000 ரூபாயில் நல்ல ஒலி தரும் கார் செட்: எதைப் பார்த்து வாங்குவது?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல். வண்டியோடு வந்த செட்டில் பட்டன்கள் தேய்ந்துவிட்டன, ப்ளூடூத் விட்டு விட்டு வருகிறது. வாரம் ஒருமுறை சென்னை போய் வருகிறார். காட்பாடி ரோட்டில் விசாரித்தால் ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு செட் போடச் சொல்கிறார்களாம். மச்சானோ பயனீர், சோனி தவிர எதையும் தொடாதே என்கிறாராம். கையில் இருப்பது 25,000 ரூபாய். "சினிமா பார்க்கப் போவதில்லை, பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும், அதற்கு எந்த செட்?" இதுதான் அவர் கேட்டது.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது), பத்துக்குக் குறையாத பேண்டு உள்ள ஈக்வலைசர் (ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்குவது, ஒரு பகுதிதான் ஒரு பேண்டு), ஹை பாஸ் ஃபில்டர் (ஆழ்ந்த ஒலியை வடிகட்டுவது), இரண்டு ஜோடிக்குக் குறையாத ப்ரீ அவுட் (ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் இணைக்கிற சாக்கெட்), இந்த நான்கும் இருக்கிற ஒரு நல்ல கம்பெனி செட்டை வாங்குங்கள். திரை எத்தனை இன்ச், எத்தனை வாட், எத்தனை ஜிபி ராம் என்பதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 25,000 முழுவதையும் செட்டுக்கே கொட்டிவிடவும் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதிப் பதில்.

வாட்டிலிருந்து தொடங்குவோம். எல்லோரும் முதலில் ஏமாறுகிற இடம் அதுதான். எந்தப் பெட்டியைப் புரட்டினாலும் "50 வாட் x 4" என்று பெரிதாகப் போட்டிருக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். செட்டுக்குள் இருக்கிற ஆம்ப் சிப் அந்த வோல்டேஜுக்கு மேல் போக வழியே இல்லை. சுத்தமான சைன் அலையாக அது கொடுக்கக்கூடிய உச்சம், 14.4-ஐ 1.414-ஆல் வகுத்து, வருவதை வர்க்கமாக்கி, 4-ஆல் வகுத்தால், ஏறக்குறைய 26 வாட். சிப்பில் ஆகிற இழப்பு போகக் கையில் கிடைப்பது 20 வாட் சுற்று வட்டாரம்தான். அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? 14.4-ஐ அப்படியே வர்க்கமாக்கி 4-ஆல் வகுத்தால் 52 வரும். அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டு, பாட்டே கரகரவென்று நாசமாகிப் போன நிலையில் வருகிற வாட் அது. அந்த நிலையில் யாரும் பாட்டு கேட்பதில்லை.

ஆகவே 50 என்று போட்ட செட்டும் 55 என்று போட்ட செட்டும் நடைமுறையில் ஒன்றே. விவரத் தாளில் "ஆர்எம்எஸ்" என்ற வார்த்தையைத் தேடுங்கள், தொடர்ந்து தரக்கூடிய வாட் அதுதான். 4 ஓமுக்கு, 1 சதவீத டிஸ்டார்ஷனுக்குள் (ஒலிச் சிதைவுக்குள்) 20, 22 வாட் என்று எழுதியிருந்தால் அந்தக் கம்பெனி உண்மை பேசுகிறது. அந்த 20 வாட் ஒன்றும் குறைவில்லை. நல்ல ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 88, 90 டெசிபல் வரும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்.

இப்போது டைம் அலைன்மென்ட். இந்தப் பதிலிலேயே முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டில் ஸ்டீரியோ கேட்கும்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருகிறோம். காரில் அது முடியாது. நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் முட்டிக்குப் பக்கத்தில் கத்துகிறது, இடது கதவு ஸ்பீக்கர் வண்டியின் அந்த ஓரத்தில் இருக்கிறது. 25 டிகிரியில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு சுமார் 35 சென்டிமீட்டர் போகும். இரண்டு ஸ்பீக்கருக்கும் தூர வித்தியாசம் அரை மீட்டர் என்றால், வலது பக்கத்து ஒலி 1.4 மில்லி விநாடி முந்திக்கொண்டு காதுக்கு வந்துவிடுகிறது. இவ்வளவு சின்ன நேரமா பெரிய விஷயம் என்று கேட்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஒலி வருகிறதோ அந்தப் பக்கம்தான் பாடுகிறவர் இருக்கிறார் என்று மூளை முடிவு கட்டிவிடும். ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை ஆராய்ந்தார், இன்றைக்கும் இதற்கு அவர் பெயர்தான். இதனால்தான் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டாலும் பாட்டு முழுக்க வலது கதவிலிருந்தே வருவது போல இருக்கிறது. பேலன்ஸை இடது பக்கம் தள்ளினால் சத்தம் சமமாகலாம், ஆனால் நேரம் சமமாகாது.

டைம் அலைன்மென்ட் உள்ள செட் என்ன செய்கிறது? பக்கத்து ஸ்பீக்கரை அந்த 1.4 மில்லி விநாடி காக்க வைத்து, தூரத்து ஸ்பீக்கரோடு சேர்த்து ஒன்றாக அனுப்புகிறது. அவ்வளவுதான் வேலை. பலன் மட்டும் பெரிது.

போன பொங்கல் லீவில் தொரப்பாடியில் என் தங்கை வீட்டுக்காரரின் வண்டிக்கு இதைச் செய்து கொடுத்தேன். செட் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது, ஆடியோ மெனுவை ஒருமுறைகூட அவர் திறந்ததில்லை. வண்டியை வேப்ப மர நிழலில் நிறுத்தி, அவரை எப்போதும் ஓட்டுகிற மாதிரியே சீட்டில் உட்கார வைத்தேன். தங்கையின் தையல் டேப்பை வாங்கி, ஒரு முனையை அவர் மூக்குக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை ஒவ்வொரு ஸ்பீக்கரின் நடுவுக்கும் கொண்டுபோனேன். முன் வலது 92 சென்டிமீட்டர். முன் இடது 140. பின்னால் இருந்த இரண்டையும் அளந்துகொண்டேன். நான்கு எண்ணையும் செட்டில் போட்டு, மிருதங்கமும் ஒரு பெண் குரலும் மட்டும் இருக்கிற கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிட்டேன். முதலில் டைம் அலைன்மென்ட்டை அணைத்து வைத்துக் கேட்டார். பிறகு போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, டாஷ்போர்டின் நடுவில், கண்ணாடிக்குப் பக்கத்தில் விரலை நீட்டி, "இங்க நின்னு பாடுறாங்க" என்றார். வலந்தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் என்று மிருதங்கம்கூடப் பிரிந்து கேட்டது. ஒரு ரூபாய் செலவில்லை, புது ஸ்பீக்கர் இல்லை, அதே செட்தான்.

இதில் ஒரு குறையும் உண்டு, சொல்லிவிட வேண்டும். டிரைவருக்குச் சரிசெய்தால் இடது சீட்டில் இருப்பவருக்கு முன்னைவிட மோசமாகக் கேட்கும். அதனால் தனியாகப் போகும்போது ஒன்று, குடும்பத்தோடு போகும்போது ஒன்று என்று இரண்டு அமைப்பைச் சேமித்து வைக்க முடிகிறதா என்று கடையிலேயே கேட்டுப் பாருங்கள். நீங்கள் வாரா வாரம் தனியாகச் சென்னை போகிறவர் என்றால் உங்களுக்கு இது வரம். இன்னொன்று, சில செட்களில் "லிசனிங் பொசிஷன்" என்று மட்டும் இருக்கும், உள்ளே நாமே தூரத்தை மாற்ற முடியாது. அது அரைகுறை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகச் சென்டிமீட்டரிலோ மில்லி விநாடியிலோ எண் கொடுக்க வழி இருக்க வேண்டும்.

ஈக்வலைசர் பற்றி நான் சொல்வது கொஞ்சம்தான். மூன்று பேண்டு, ஐந்து பேண்டு போதாது. கார் என்பது கண்ணாடியும் தகரமும் சேர்ந்த ஒரு சின்னப் பெட்டி. ஒரு இடத்தில் கும்மென்று வீங்கும், இன்னொரு இடத்தில் பள்ளம் விழும். கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற ஒலியால் 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் வரை காதைக் குத்தும். குறிப்பாக அந்த இடத்தை மட்டும் பிடித்து இரண்டு மூன்று டெசிபல் இறக்க வேண்டும் என்றால் 10 பேண்டாவது தேவை, 13 இருந்தால் இன்னும் நல்லது. ஏற்றுவதைவிட இறக்கிப் பழகுங்கள். எல்லாப் பேண்டையும் மேலே தள்ளி வைத்து, ஆம்ப் திணறிக் கரகரக்கிற வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வலது, இடது இரண்டுக்கும் தனித்தனி ஈக்வலைசர் கொடுக்கிற செட் கிடைத்தால் விடாதீர்கள்.

ஹை பாஸ் ஃபில்டர் என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கதவு ஸ்பீக்கரால் 50, 60 ஹெர்ட்ஸ் அளவு ஆழ்ந்த ஒலியான பேஸைச் சரியாகத் தர முடியாது. முயற்சி செய்து கோன் (ஸ்பீக்கரின் கூம்புத் தாள்) படபடக்கும், இருக்கிற 20 வாட்டையும் அதுவே தின்றுவிடும். 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் போட்டுவிட்டால் அந்தப் பாரம் இறங்கிவிடும். அதே ஆம்ப், அதே ஸ்பீக்கர் இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாகப் பாடும். சின்ன நாலு இன்ச் ஸ்பீக்கர் என்றால் 100, 120 வரைகூட ஏற்றலாம். "பேஸ் குறைந்துவிடுமே" என்று பயப்பட வேண்டாம், குறைகிற பேஸ் வெறும் படபடப்புதான். உண்மையான அடி வேண்டும் என்றால் பின்னாளில் சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்ன சப் ஊஃபர் போட்டுக்கொள்ளலாம்.

லவுட்னஸ் பட்டன்: மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குப் பேஸ் குறைவாகவே விழும், அதை ஈடுகட்டத்தான் அது இருக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் இதை அளந்து வரைபடமே போட்டுவிட்டார்கள். இரவில் மெல்லிய சத்தத்தில் போடுங்கள், வால்யூம் ஏற்றினால் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ப்ரீ அவுட். செட்டின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ சாக்கெட்டுகள் இருக்கும். இன்றைக்கு ஆம்ப் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் இதைப் பார்த்து வாங்குங்கள், இரண்டு வருடம் கழித்து நீங்களே ஆசைப்படுவீர்கள். 2 வோல்ட், 4 வோல்ட், 5 வோல்ட் என்று எழுதியிருப்பார்கள். வோல்ட் கூடக் கூட, வயரில் வழியில் ஏறுகிற இரைச்சலுக்கு மேலே பாட்டு உயர்ந்து நிற்கும். 2-லிருந்து 4-க்குப் போனால் 6 டெசிபல் லாபம். ஆம்ப்பில் கெயினை, அதாவது பெருக்கும் அளவைக் குறைத்து வைக்கலாம், இரைச்சலும் அந்த அளவுக்கு அடங்கும். டீசல் வண்டியில் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "உய்ய்ய்" என்று ஒரு சத்தம் ஏறுமே, ஆல்டர்னேட்டர் இரைச்சல், அது பெரும்பாலும் எர்த் சரியில்லாததால் வருவது. ஆனால் ப்ரீ அவுட் பலவீனமாக இருந்தால் அது இன்னும் எடுத்துக் கேட்கும்.

இவ்வளவும் செட் செய்யும் வேலை. செட்டுக்குள் போகிற பாட்டே மோசமாக இருந்தால் எந்தச் செட்டாலும் காப்பாற்ற முடியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் "ஐயாயிரம் பாட்டு" என்று பென்டிரைவில் ஏற்றித் தருகிறார்களே, அதில் பல 128 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது நொடிக்கு 128 கிலோபிட். சிடி தருவது நொடிக்கு 1411 கிலோபிட். பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, அதையும் எங்கிருந்தோ இறக்கி மறுபடி சுருக்கியிருந்தால் ஜால்ரா எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். பழைய செட்டில் இது தெரியவில்லை, புதிய செட்டில் தெரியும். "புது செட் போட்டும் பாட்டு நல்லா இல்லையே" என்று பலர் திரும்பி வருவது இதனால்தான். உங்களிடம் சிடிகள் இருந்தால் கம்ப்யூட்டரில் தரம் குறையாமல் சுருக்குகிற ஃபிளாக் கோப்பாக மாற்றி பென்டிரைவில் வையுங்கள். வாங்குகிற செட் யூஎஸ்பியில் ஃபிளாக் படிக்குமா என்று முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

போனிலிருந்து கேட்பதாக இருந்தால், முடிந்தவரை வயரில் இணைப்பதே நல்லது. போனைச் செட்டின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ வயர் வழியாக வந்தால் பாட்டு டிஜிட்டலாக, மறுபடி சுருங்காமல் செட்டுக்கு வருகிறது. வயர் இல்லாத கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் பாட்டை வைஃபையில் அனுப்புகின்றன, அதுவும் பரவாயில்லை. சாதாரண ப்ளூடூத்தான் கடைசித் தேர்வு. எஸ்பிசி என்ற சுருக்கும் முறை (கோடெக்) வழக்கமாக அதிகபட்சம் 328 கேபிபிஎஸ் அளவில் பாட்டை இன்னொரு முறை பிழிந்து அனுப்பும். ஏற்கெனவே பிழிந்த பாட்டை மறுபடி பிழிவது அது. ஐபோன் வைத்திருந்தால் செட்டில் ஏஏசி என்ற கோடெக் இருக்க வேண்டும். எல்டேக் என்ற கோடெக் இருக்கிற செட் என்றால் 990 கேபிபிஎஸ் வரை போகும், ஆனால் போனும் செட்டும் இரண்டுமே ஒத்துக்கொள்ள வேண்டும். ப்ளூடூத்தில் கேட்டே ஆக வேண்டும் என்றால், போனில் வால்யூமை முழுக்க வைத்து, செட்டில் கூட்டிக் குறையுங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

24 பிட் டேக் (டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் சிப்), ஹை ரெஸ் முத்திரை என்று விளம்பரம் வருகிறதே, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஹை ரெஸ் முத்திரை ஜப்பான் ஆடியோ சொசைட்டியுடையது, 40 கிலோ ஹெர்ட்ஸ் வரை வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம் காது இளவயதிலேயே 20 கிலோ ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சிடியின் 16 பிட்டே மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி தருகிறது. நெடுஞ்சாலையில் வாலாஜா தாண்டி நூறில் போகும்போது டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்து உள்ளேயே 70 டெசிபல் அளவுக்கு இருக்கும். அதற்குக் கீழே இருக்கிற நுணுக்கம் எதுவும் உங்கள் காதுக்கு வராது. பெயருள்ள கம்பெனிகளின் இன்றைய டேக் எல்லாமே காருக்குப் போதுமானவை.

சரி, அந்த ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு செட். அதை ஒரேயடியாக மோசம் என்று சொல்ல மாட்டேன். மேப், ரிவர்ஸ் கேமரா, யூடியூப் எல்லாம் குறைந்த விலையில் வந்துவிடும், சிலருக்கு அதுதான் தேவை. உங்கள் தேவை அது இல்லை. அவற்றில் பலவற்றில் உள்ளே இருப்பது டிடிஏ 7388 போன்ற பழைய ஆம்ப் சிப், அல்லது அதன் நகல். கொஞ்சம் நல்லதில் டிடிஏ 7850 என்ற மாஸ்ஃபெட் சிப்பும், ஒலியைத் திருத்துகிற தனி டிஎஸ்பி சிப்பும் இருக்கும். அப்படிப்பட்டது உண்மையிலேயே நன்றாகப் பாடும். ஆனால் வெளியிலிருந்து பார்த்து எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது, ஒரே பெட்டியில் ஒரு மாதம் ஒரு போர்டும் அடுத்த மாதம் வேறொரு போர்டும் வரும். பெட்டியில் "டிஎஸ்பி" என்று எழுதியிருந்தாலும் மெனுவைத் திறந்து டைம் அலைன்மென்ட் எண்ணை மாற்றிப் பார்க்காமல் நம்பாதீர்கள். சிலவற்றில் மெனு அழகாக வரும், எண்ணை மாற்றினால் ஒலி துளிகூட நகராது.

எந்தச் செட்டானாலும் கடையில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பாட்டைப் போட்டு, பாதியில் நிறுத்தி வையுங்கள். வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றுங்கள். கடைக்காரரிடம் ஃபேனை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லி, ட்வீட்டரில் (உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரில்) காதை வைத்துக் கேளுங்கள். நல்ல செட் என்றால் மெல்லிய காற்று மாதிரி ஏதோ இருக்கும், இல்லவே இல்லை என்றும் சொல்லலாம். மோசமான செட் என்றால் "ஸ்ஸ்ஸ்" என்று தெளிவாகக் கேட்கும், சிலவற்றில் திரையைத் தொடும்போதெல்லாம் "கிர்ர், கிர்ர்" என்று கூடவே ஒரு சத்தம் வரும். திரையை இயக்குகிற சர்க்யூட்டின் இரைச்சல் ஆடியோவில் கலக்கிறது என்று அர்த்தம். பிறகு செட்டை அணைத்துப் போடுங்கள். ஸ்பீக்கரில் "டொப்" என்று அடி விழுந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். செய்யவிடாத கடையில் வாங்காதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது: வெயில். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைச் சொல்லும் சொலவடை உங்களுக்குத் தெரியாததா. சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி தாண்டும், கோட்டைக்கு எதிரே வண்டியைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் டாஷ்போர்டில் கை வைக்க முடியாது. செட் அந்தச் சூட்டுக்குப் பின்னால், காற்றே போகாத பொந்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆம்ப் சிப் தன் சூட்டையும் சேர்த்துக்கொள்ளும். இதனால்தான் முதுகில் சூட்டை வெளியேற்றும் அலுமினியம் ஹீட் சிங்க் கனமாக இருக்கிற செட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். திரை பெரிதாகவும், பெட்டி அட்டை மாதிரி மெலிதாகவும் இருந்தால் மே மாதம் பாதிப் பாட்டில் செட் தானாக அணையும். ஹீட் சிங்க்கோடு செட்டின் எடை கையில் தெரிய வேண்டும்.

ஃபிட்டிங்கில் ஏமாறாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். என் முதல் வண்டியில் செட் மாற்றக் கொடுத்த கடையில், வண்டியோடு வந்த கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். கோடையில் டேப்பின் பசை உருகி வழிந்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் நிற்கும்போது முன் இடது ஸ்பீக்கர் பட்டென்று நின்றது. செட்டைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை வயரும், கறுப்புக் கோடு போட்ட அதன் ஜோடி வயரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்த சேனலின் ஆம்ப் போய்விட்டது. ஒரு கப்ளரின் விலைக்காக ஒரு செட் போனது.

உங்கள் வண்டிக்கென்று பிளக் போட்டால் போதும் என்கிற கப்ளர் கிடைக்கிறது. அதைத்தான் போட வேண்டும், வெட்டினால் பணம் தர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மஞ்சள் வயர் எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. பெரும்பாலான செட்களில் இந்த நிறங்கள்தான். பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறிப் போனால்கூட பேஸ் காணாமல் போய்விடும், குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். பலர் இதைச் செட்டின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டியரிங் பட்டன்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கான இணைப்பையும், உங்கள் டாஷ்போர்டுக்கான 2 டின் (இரட்டை உயரச் செட்) பிரேமையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

கம்பெனி என்று பார்த்தால், மச்சான் சொல்வதில் பாதி சரி. ஆனால் பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனியின் மலிவு மாடலில் டைம் அலைன்மென்ட் இருக்காது, அடுத்த மாடலில் இருக்கும். ஜேவிசியும் கென்வுட்டும் 2008-லிருந்து ஒரே குடும்பம், அவர்களின் பல செட்களில் 13 பேண்டு ஈக்வலைசரும் டைம் அலைன்மென்ட்டும் வருகின்றன. விலைக்கு ஒலி என்று பார்த்தால் நான் முதலில் தேடுவது அங்கேதான். பயனீரில் நடுத்தர மாடலிலிருந்து மேலே பாருங்கள். பழைய செட் வாங்கத் தயக்கம் இல்லையென்றால் பயனீரின் டிஇஎச்-80பிஆர்எஸ் எங்காவது நல்ல நிலையில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். திரை கிடையாது, ஒற்றை டின். ஆனால் 5 வோல்ட் ப்ரீ அவுட் மூன்று ஜோடி, வலது இடது தனித்தனியாக 16 பேண்டு ஈக்வலைசர், மைக் வைத்துத் தானே டைம் அலைன்மென்ட் கண்டுபிடிக்கிற வசதி எல்லாம் இருக்கும். ஒலிக்காகவே செய்த செட் அது. வாங்கும் முன் எல்லா சேனலும் பாடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

திரை வேண்டுமா என்பதை யோசியுங்கள். மேப்புக்குப் போன் ஸ்டாண்ட் போதும் என்றால், திரையில்லாத செட்டில் அதே ஒலி பாதி விலைக்குக் கிடைக்கும். அந்த மிச்சத்தில் முன் கதவுகளுக்கு ட்வீட்டர் தனியாக வருகிற ஆறரை இன்ச் காம்போனென்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போடலாம். வண்டியோடு வரும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் காகிதக் கோனும் சின்னக் காந்தமும்தான். பின் ஸ்பீக்கருக்குச் செலவே செய்யாதீர்கள், இருப்பதே இருக்கட்டும். முன் கதவின் தகரத்துக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, உள் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். ஓட்டை இருந்தால் ஸ்பீக்கரின் பின்பக்கத்து ஒலி வெளியே வந்து முன்பக்கத்து ஒலியைத் தின்றுவிடும். என் கணக்கில் செட்டுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல், ஸ்பீக்கருக்குக் கால் பங்கு, டேம்பிங், கப்ளர், பிரேம், கூலிக்கு மீதி. எல்லாப் பணத்தையும் செட்டில் போட்டு ஓட்டைக் கதவில் பழைய ஸ்பீக்கரை விடுவதைவிட இது பல மடங்கு நன்றாகப் பாடும்.

எங்கே வாங்குவது? வாரா வாரம் சென்னை போகிறீர்கள் என்பதால் ஜிபி ரோட்டில் ஒரு மாலை சுற்றிப் பாருங்கள், பெங்களூரு பக்கம் போனால் ஜேசி ரோடு. நாலு மாடலை ஒரே இடத்தில் கேட்டுப் பார்க்க அங்கேதான் முடியும். ஆனால் விலை வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் வேலூரிலேயே வாங்குங்கள். ஃபிட்டிங் செய்த கடை பக்கத்தில் இருப்பது பெரிய உதவி. ஜிஎஸ்டி பில்லும், சீரியல் எண் எழுதிய வாரண்டி கார்டும் கையில் வந்த பிறகுதான் பணம்.

செட்டைப் போட்டபின், எப்போதும் ஓட்டுகிற மாதிரி சீட்டைச் சரிசெய்து உட்கார்ந்து, மூக்கிலிருந்து நான்கு ஸ்பீக்கருக்கும் டேப் வைத்து அளந்து எனக்கு எழுதுங்கள். ட்வீட்டர் தனியாக மேலே இருந்தாலும், செட்டில் முன் வலது, முன் இடது என்று இரண்டே எண்தான் கேட்கும் என்றால் கதவு ஸ்பீக்கரின் தூரத்தையே கொடுங்கள். மாடல் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். மெனுவில் எங்கே போய் எந்த எண்ணைப் போட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.